பழைய பைபர் படகு: தேய்ப்பது முக்கால் வேலை, ஒட்டுவது கால் வேலை

பழைய பைபர் படகை விலை பேசப் போகும்போது கையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் போதும். முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் 'டிக், டிக்' என்று சுருக்கமாகச் சொல்லும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலோ தண்ணீர் கோத்திருந்தாலோ சத்தம் 'தொப்' என்று அமுங்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வட்டங்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தால் பயமில்லை. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா நெடுக வரிசையாக விழுந்திருந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு படகு பாருங்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் படகை இரண்டு முறை தட்டுவது நல்லது.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரங்கள் கிடந்த இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. துறைமுகம் இல்லாத ஊர்களில் அவை தினமும் மணலில் ஏறி இறங்குகின்றன. ஈர மணல் உப்புத்தாளுக்குச் சமம். அதனால் இந்தப் படகுகளுக்கு முதலில் தேய்வது ஏராவும் அதன் இரு பக்கமும்தான். கரையேறுவதில் ஒரு லாபமும் உண்டு: உடம்பு தினமும் காய்கிறது. வருடக்கணக்கில் தண்ணீரிலேயே மிதக்கும் படகுக்கு வரும் கொப்புள நோய் கரைப்படகுகளில் குறைவு.

அந்தக் கொப்புளம் எப்படி வருகிறது? மேலே மினுமினுக்கும் ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம்தான். அது தண்ணீர்த்துளியை நிறுத்தும், ஆனால் தண்ணீரின் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவிப் போகும். உள்ளே கண்ணாடி இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ரெசின் என்ற பிசினில் வினைபடாமல் மிஞ்சிய கிளைக்கால் போன்ற பொருள்கள் அந்த ஈரத்தில் கரைந்து கெட்டியான கரைசலாகும். கெட்டிக் கரைசல் வெளியே இருக்கும் தண்ணீரை இன்னும் இழுக்கும். ஊறவைத்த உலர்திராட்சை உப்புவது போல ஜெல்கோட் உப்பும். வெளித்தண்ணீரில் உப்பு குறையக் குறைய இந்த இழுப்பு கூடும் என்பதால் ஏரியில் ஓடும் படகுக்குக் கொப்புளம் கடல் படகைவிடச் சீக்கிரம் வரும். கொப்புளத்தைக் குத்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் பீய்ச்சி அடிக்கும். புளித்த வாடை வரும். குத்திவிட்டு வெயிலில் போட்டால் காய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். திறந்த குழிகளை நல்ல தண்ணீரால், முடிந்தால் சுடுநீரால், பல நாள் கழுவி அதை வெளியேற்றிய பிறகுதான் காயவைப்பதில் அர்த்தம் உண்டு. உப்புக்கும் இதே கதைதான். காய்ந்ததா என்று பார்க்க ஒரு முழம் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒட்டும் விஷயம். டின்னில் பாகு போல இருக்கும் ரெசினில் இரண்டு சரக்கு உண்டு: நீளமான பாலியஸ்டர் சங்கிலிகள், அவற்றைக் கரைத்து வைத்திருக்கும் ஸ்டைரீன். இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் விழுந்ததும் ஸ்டைரீன் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போட ஆரம்பிக்கிறது. சற்று நேரத்தில் மொத்தமும் ஒரே வலை. வலை பின்னி முடிவதற்குள் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே பின்னிக்கொள்ளும். பதினைந்து வயதுப் படகில் பாலம் போட எந்தக் கையும் மிச்சமில்லை. புது ரெசின் அதில் நிற்பது, பரப்பின் கீறல்களில் கவ்விக்கொள்ளும் பலத்தில்தான். பழுது பார்த்த ஒட்டு முழுசாகத் தகடு போல உரிந்து வந்தால் ரெசின் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அநேகமாகத் தேய்ப்பில்தான் குறை.

தேய்ப்பதற்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெயும் மெழுகும் இருக்கும்போதே தேய்த்தால் அதைக் கீறலுக்குள் பூசிவிடுவீர்கள். பிறகு 36 அல்லது 40 நம்பர் தாள் போட்ட கிரைண்டரால், பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் தேய்க்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும், சரிவின் அளவு உடம்பின் கனத்தைப் போல 12 மடங்கு. 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 72 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் ஓட்டைக்கு இவ்வளவா என்று தோன்றும். சுமை ஒரு விளிம்பில் சேராமல் சரிவு முழுவதும் பரவத்தான் இந்த அகலம்.

அந்த ஓட்டைக்கே கணக்குப் போடுவோம். சரிவோடு சேர்த்துச் சுமார் 25 சென்டிமீட்டர் வட்டம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பான மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும், எனவே ஆறு அடுக்கு. விட்டம் 25, 22, 20, 17, 15, 12 என்று வெட்டினால் மொத்தம் 0.17 சதுர மீட்டர், மேட்டின் எடை 77 கிராம். மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும், ஆக 200 கிராம். பெரிய வட்டத்தை முதலில் போடுவதே சரி. சிறியதில் தொடங்கினால் ஒவ்வொரு அடுக்கும் ஓரத்தில் மட்டுமே பழைய உடம்பைத் தொடும், கடைசியாகச் சமப்படுத்தும்போது மேலே இருக்கும் பெரிய அடுக்கையே தேய்த்துத் தள்ளிவிடுவோம். ஓட்டையின் மறுபக்கத்தில் மெழுகு தடவிய தகடு ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, ரெசினை 100 கிராமாக இரண்டு முறை கலக்குங்கள். முதல் கலவை பெரிய இரண்டு அடுக்குக்கு, அடுத்தது மீதி நாலு அடுக்குக்கு. மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகும் வரை வரிகள் உள்ள இரும்பு ரோலரால் உருட்ட வேண்டும். வெள்ளையாகத் தங்கும் புள்ளி ஒவ்வொன்றும் காற்றுக்குமிழி.

கேட்டலிஸ்ட் 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலில் 1 கிராமே போதும், வேலை செய்யக் கால் மணி நேரம் கிடைக்கும். மெதுவாக இறுகட்டும் என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை சரியாக இறுகாது. நேரம் வேண்டுமென்றால் பந்தலுக்கு அடியில், விடிகாலைப் பனி காய்ந்த பிறகு வேலை செய்யுங்கள். கலவையைக் கோப்பையில் ஆழமாக விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து வெடிப்பு விடும், அகலத் தட்டில் ஊற்றினால் தாங்கும். வினையை வேகப்படுத்தும் ஊதா நிற ஆக்சிலரேட்டர் தனியாகக் கொடுத்திருந்தால் அதை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம்: உடனே கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் தொட்டால் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பில் பாலம் போடும் வினையைத் தடுப்பதே காரணம். அடுத்த அடுக்குக்கு அந்தப் பிசுபிசுப்பு நல்லது, கடைசி அடுக்குக்கு ஆகாது. அதனால் கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்ப்பார்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும். நடு அடுக்கில் மெழுகு போட்டுவிட்டால் மறுபடி தேய்க்காமல் மேலே எதுவும் ஒட்டாது.

அவுட்போர்டு இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது மக்கும். உள்பக்கமிருந்து 5 மில்லிமீட்டர் துளை போட்டால் தெரிந்துவிடும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நலம், கறுத்த ஈரக்கூழ் வந்தால் உள்தோலை வெட்டியெடுத்து மரத்தைச் சுரண்டி, ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வைக்க வேண்டும். இந்த இடத்தில் எபாக்சி என்ற வேறு வகை ரெசினுக்குச் செலவழிப்பது தண்டமல்ல, பாலியஸ்டர் மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் எபாக்சி மேல் பாலியஸ்டர் நிற்காது, வழக்கமான மேட்டும் எபாக்சியில் சரியாக ஊறாது. மேட்டின் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சி என்று முடிவு செய்தால் நெய்த கண்ணாடித் துணியே போடுங்கள். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி துளைத்தால் தண்ணீர் மரத்தைத் தொடாது.

இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த ஃபோம் கனத்துப்போயிருந்தால் ஊறிவிட்டது என்று பொருள், வெளியே எடுத்துவிடுங்கள். பதிலுக்குத் தெர்மாகோல் வைத்துப் பாலியஸ்டரால் மூடாதீர்கள். ஸ்டைரீன் பட்டதும் அது கண்ணெதிரே உருகிக் குழியாகிவிடும்.

ஒரு வாரம் ஆறவிட்டு, ஒட்டின் மேல் அசிட்டோன் துணியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. இறுகிவிட்டதென்றால் படகுக்கு அடியில் மணல் மூட்டைகளை நெருக்கமாக முட்டுக் கொடுத்து, உள்ளே நாலு விரல் ஆழம் தண்ணீர் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் வெளிப்பக்கம் ஈரம் கசிந்திருக்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் வட்டம்.