"உடற்பயிற்சி: இல்லை" என்று எழுதும் முன்

வட பாஃபின் தீவுக் கிராமம் ஒன்றிலிருந்து முழங்கால் வலிக்காக என்னிடம் அனுப்பப்பட்ட மூதாட்டி ஒருவரின் கடிதத்தில் இப்படி இருந்தது: "உடற்பயிற்சி: இல்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கவும், ஜிம்முக்குச் செல்லவும் அறிவுறுத்தப்பட்டது." அந்த ஊரில் ஜிம் கிடையாது. டிசம்பரில் சூரியனும் கிடையாது. கனடாவின் வடகோடியில், இனுயிட் என்ற பூர்வகுடி மக்கள் வாழும் நுனாவுட்டில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இத்தகைய கடிதங்கள் அலுத்துவிட்டன. தெற்குக் கனடாவிலிருந்து ஒப்பந்தப் பணிக்கு வரும் செவிலியர்களே, மருத்துவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய உள்ளங்கையைப் பார்த்திருந்தாலே போதும், கொப்புளம் தெரிந்திருக்கும். காலை முழுவதும் சீல் என்ற கடல் விலங்கின் தோலைச் சுரண்டியிருக்கிறார். தரையில் இரு கால்களையும் நேராக நீட்டி உட்கார்ந்து, பலகையில் தோலை விரித்து, உலு என்ற பிறை வடிவக் கத்தியால் கொழுப்பை வழித்தெடுக்கும் வேலை அது. தோளும் முதுகும் ஓயாமல் உழைக்கும். என்னிடம் வரும் முப்பது வயதுக்காரர்கள் பலரால் அப்படிக் கால் நீட்டி நிமிர்ந்து உட்காரவே முடியாது. தொடையின் பின்தசை விடாது. படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஆகவே "இல்லை".

உடற்பயிற்சி என்றால் தனி உடை, தனி நேரம், கட்டணம் கட்டிய கூடம் என்ற நினைப்பு எப்போதுதான் ஒழியுமோ! உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைச் சொல்கிறது. வீட்டு வேலை, தொழில், நடந்து போய் வருவது எல்லாமே அதில் சேரும். ஏரிப் பனியைக் கையால் துளைத்து மீன் பிடிப்பது சேரும். ஆகஸ்டில் குனிந்து குனிந்து பெர்ரி பறிப்பது சேரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊர்க் கூடத்தில் அக்கார்டியன் இசைக்கு விடிய விடிய ஆடுவதும் சேரும். பேச முடிகிறது, பாட மூச்சு போதவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. கணக்கு அவ்வளவுதான்.

அதற்காக, "வேட்டைச் சமூகம், உடம்பு தானாகவே உறுதியாக இருக்கும்" என்றும் இருந்துவிடாதீர்கள். ஆய்வாளர்கள் ராய் ஷெப்பர்டும் ஆண்ட்ரிஸ் ரோடேயும் இங்குள்ள இக்லூலிக் ஊர் மக்களின் உடற்திறனை 1970 வாக்கில் அளந்தார்கள். பிறகு சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை அளந்தபோது அது இறங்கிக்கொண்டே வந்தது. நிலையான குடியிருப்பு வந்தது, ஸ்கிடூ என்ற பனி மோட்டார் வண்டி வந்தது, ஹோண்டா வந்தது (நான்கு சக்கர வண்டி எதுவானாலும் இங்கே ஹோண்டாதான்). இன்று பெட்ரோலும் தோட்டாவும் வாங்க வழியில்லாமல் வேட்டைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சோம்பலைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள்.

வெளியே போகச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லுங்கள். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40-ஐத் தொட்டால் திறந்த தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையக்கூடும். உள்ளாடை பருத்தி வேண்டாம், கம்பளி போதும். வியர்க்கத் தொடங்கினால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும்; ஈரத்தோடு நின்றால் குளிர் ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்துமாக்காரர்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளட்டும். நெஞ்சுவலி உள்ளவர் பனி அள்ளவே கூடாது. சர்க்கரை நோயாளியின் பாதத்தை நீங்களே தொட்டுச் சோதித்துவிட்டு அனுப்புங்கள்; உணர்விழந்த கால் உறைந்தாலும் அவருக்குத் தெரியாது. இன்சுலின் சட்டைக்குள் இருக்கட்டும், பையில் வைத்தால் உறைந்துவிடும். கரடி நடமாட்டம் உள்ள ஊரில் எல்லைக்கு அப்பால் தனியாக நடக்கச் சொல்லாதீர்கள். எங்கே பாதுகாப்பு என்று உள்ளூர் வேட்டைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இருட்டு மாதங்களுக்கு இனுயிட் மக்களிடமே விளையாட்டுகள் இருக்கின்றன. தொங்கும் இலக்கை ஒரு காலால் எகிறி உதைத்து, அதே காலில் தரையிறங்கும் விளையாட்டுக்கு ஒரு கயிறும் சிறிது இடமும் போதும். ஆர்க்டிக் குளிர்காலப் போட்டிகளில் அதற்குப் பதக்கமே உண்டு. இளைஞர்கள் அழைக்காமலே வருவார்கள். (முழங்கால் வலிக்காரருக்கு இதைச் சொல்லிவைக்காதீர்கள். அவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே போதும்.)

ஊராட்சிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியின் விளையாட்டுக் கூடம் பல ஊர்களில் மாலையில் பூட்டிக் கிடக்கிறது, அல்லது கூடைப்பந்துப் பிள்ளைகள் கையில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு மணி நேரம், முதியவர்கள் நடக்க விடுங்கள். வெளிச்சம் இருக்கிறது, தரை வழுக்காது, கரடி வராது. ஒரு கெண்டி தேநீரும் வைத்தால் நிச்சயம் வருவார்கள்.