எம்எஸ்சிக்குப் பிறகு மாதம் 37,000 ரூபாய்: ஜேஆர்எஃப் யாருக்குக் கிடைக்கும்?

"இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா? அப்போ வீட்டுக்கு எப்பப்பா சம்பாதிச்சுத் தருவே?"

எம்எஸ்சி முடிக்கும் பிள்ளை ஆராய்ச்சி என்று பேச்செடுத்ததும் பல வீடுகளில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் பிஎச்டி என்றாலே கைக்காசைப் போட்டுக்கொண்டு வருமானமில்லாமல் இருப்பது என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த நினைப்பால் எத்தனையோ நல்ல மாணவர்கள் இந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள்.

அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும். அதன்பின் ஒரு குழு ஆய்வு முன்னேற்றத்தைப் பார்த்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆக உயர்த்தினால் மாதம் 42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. மொத்தம் ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். விடுதியில் இடம் இல்லாதவர்களுக்கு, இருக்கும் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சேர்ந்த புதிதில் பணம் வரத் தாமதமாகலாம். முதல் சில மாதச் செலவுக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போங்கள்.

வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், புவி அறிவியல் என ஐந்து தாள்களில் ஒன்றை எழுதலாம். எம்எஸ்சியில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 50 போதும். இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இதே தேர்வைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதானால் வயது வரம்பே கிடையாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது சான்றிதழில். இங்கே பிசி, எம்பிசி என்று வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வில் ஓபிசி ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் மத்திய அரசுப் படிவ ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தேர்வு 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இது நமக்குக் கூடுதல் சுமைதான். பொதுத் திறனறியும் 'ஏ' பகுதியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அதில் 20 கேள்விகளில் 15-க்குப் பதில் எழுதினால் 30 மதிப்பெண். பத்தாம் வகுப்புக் கணக்கும், வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் இருந்தால் அதில் பாதிக்கு மேல் எடுக்கலாம். கட்-ஆஃப் ஓரத்தில் நிற்பவருக்கு அந்தப் பத்துப் பதினைந்து மதிப்பெண் பெரிய விஷயம்.

ஜேஆர்எஃப் வாங்கினாலே பிஎச்டி இடம் கிடைத்ததாக ஆகாது. ஆய்வு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ தனியாக விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆய்வகம். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உதவித்தொகையைக் கையோடு கொண்டுவரும் மாணவரைச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டிகளும் தயங்குவதில்லை.

கட்-ஆஃப் சற்றுக் குறைந்து ஜேஆர்எஃப் தவறிப்போனாலும், உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தால் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2023 ஜூலையில் யுஜிசி திருத்திய விதிப்படி அந்தப் பணிக்கு நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை. இந்தத் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று நடக்கும். விண்ணப்பம் தேர்வை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) இணையதளத்தில் மட்டும்தான்.