வார்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய படிகள்

18 வயது நிறையாத பிள்ளையை மனநல வார்டில் சேர்ப்பதற்கு, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு ஒரு கடுமையான நிபந்தனை வைக்கிறது. ஊரிலேயே கொடுக்கக்கூடிய மாற்றுச் சிகிச்சைகள் பலன் தரவில்லை, அல்லது அந்தப் பிள்ளைக்கு அவை ஒத்துவராது என்று தெரிந்திருக்க வேண்டும். பல குடும்பங்கள் அந்த மாற்றுகளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நேரே வார்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன.

எந்தப் பிள்ளைக்கு இந்த மாற்றுச் சிகிச்சை தேவை? வீடு, பள்ளி, கூட்டாளிகள் என்று மூன்று இடங்களையும் விசாரியுங்கள். வீட்டில் மட்டும் எரிந்து விழுந்து, வெளியே சிரித்துப் பழகினால் வீட்டுச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் வாரக்கணக்கில் சரிவு தெரிந்தால், இரவெல்லாம் விழித்திருந்து, குளிக்காமல், கையைக் கீறிக்கொண்டு இருந்தால், அதற்கு 'அடம்' என்று பெயர் வைத்துக் காலம் கடத்தாதீர்கள்.

முதல் படி, மாவட்ட மனநலத் திட்டக் குழு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் உள்ள இந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்பியதோடு சிகிச்சையை விட்ட குடும்பங்கள் நிறைய. இரவில் பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி மானஸ்) இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அடுத்தது, வீட்டில் ஒரே ஒரு தாள். இந்தப் பிள்ளைக்கு நிலை மோசமாகப் போகிறது என்பதற்கு முதலில் தெரியும் அறிகுறி என்ன, அப்போது யார் பேசுவது, யார் வாயைத் திறக்கக் கூடாது, நள்ளிரவில் எந்த மருத்துவமனை, வண்டி யாருடையது. 'மனச்சோர்வு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போக ஆரம்பித்தால்' என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். சாவி பிள்ளைக்குத் தெரிந்த ஆணியில் தொங்கினால் பூட்டியதாகவே கணக்கில்லை. பிள்ளையின் மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்துவதற்குப் பிள்ளைகள் சொல்லும் காரணமும் உண்மைக் காரணமும் வேறுவேறு. ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன் போன்ற மனநல மாத்திரைகள் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். ரிஸ்பெரிடோனால் சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். அப்பா முன்னால் இதைச் சொல்ல மாட்டார்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், தனியாகக் கேளுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்சிடின் தொடங்கிய முதல் வாரங்களில் படபடப்போ சாவைப் பற்றிய பேச்சோ கூடினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும். பெற்றோரோ துணையாளரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபின் 7 நாளுக்குள் முதல் மறுசந்திப்பு. உயிராபத்து கூடுதலாக இருப்பதே வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான். 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது இந்த வாரங்களில் வேண்டாம்.

பள்ளிதான் அதிகம் சறுக்கும் இடம். திங்கட்கிழமை முழு நாளும் அனுப்பி, புதன்கிழமை திரும்பி வந்து, அதன்பின் போகவே மாட்டேன் என்பது வழக்கமான கதை. முதல் வாரம் இரண்டு பீரியட், பிள்ளைக்குப் பிடித்த பாடமாக. வகுப்பறையில் நிற்க முடியாதபோது காரணம் சொல்லாமல் எழுந்து போக ஓர் இடமும், அதை அறிந்த ஓர் ஆசிரியரும் போதும். விட்டுப்போன நோட்டுகளை எழுதி முடிக்கச் சொல்வதை ஒரு மாதம் ஒத்திவையுங்கள். நோயின் பெயரை ஸ்டாஃப் ரூம் முழுவதும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் பாலியல் துன்புறுத்தல் இருப்பது தெரியவந்தால் மட்டும் ரகசியம் செல்லாது. போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

18 முடிந்த மறுநாளிலிருந்து சம்மதக் கையெழுத்துப் பெற்றோருடையது இல்லை. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தனக்கான பிரதிநிதியைத் தானே நியமிக்கவும் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. பிளஸ் டூ முடிந்து பள்ளியின் துணை போவதும் அதே சமயத்தில்தான். அதனால் 17 வயதிலேயே மருத்துவரிடம் தனியாகப் பேசப் பழக்கி, அந்த ஒற்றைத் தாளை அவர் கையாலேயே திருத்தி எழுதச் சொல்லுங்கள்.