இது எந்த நாட்டுச் சரக்கு? பாக்கெட்டில் எங்கே பார்ப்பது

ஓசூர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் பாதாம், பேரீச்சை, சீஸ் எல்லாம் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, பாக்கெட்டே சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். வெளிநாட்டு உணவுப் பாக்கெட் எதுவானாலும் உற்பத்தியான நாடு, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அவருடைய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 பொட்டலப் பொருட்கள் விதிகளும் 2020 உணவு லேபிள் ஒழுங்குமுறையும் இதைச் சொல்கின்றன. ஆன்லைனில் விற்றாலும் நாட்டின் பெயரைக் காட்டியாக வேண்டும். லேபிளில் ஆங்கிலமோ இந்தியோதான் கட்டாயம், தமிழ் விருப்பம்தான் (இது யாருக்கு வசதி என்று தெரியவில்லை), அதனால் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' அல்லது 'புராடக்ட் ஆஃப்' என்ற வரியைத் தேடுங்கள்.

பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். அந்த எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள், உள்ளே இருப்பது எங்கே விளைந்தது என்பது அதில் தெரியாது.

இன்னொரு சிக்கல், ஒரு பொருளின் தன்மையே மாறும்படி இரண்டாவது நாட்டில் பதப்படுத்தினால் அந்த இரண்டாவது நாடுதான் லேபிளில் வரும். நம் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கப்பலேறிப் போகிறது, அதை வைத்துத் துபாயில் ஜூஸ் போட்டு இங்கேயே திருப்பி அனுப்பினால், நம் விதிப்படி அது துபாய்ச் சரக்கு. காவேரிப்பட்டணத்துத் தோட்டக்காரருக்குக் கடுப்பாகத்தான் இருக்கும்.

சரி, கறிக்கு வருவோம். ஐரோப்பாவில் மாட்டுக்கறிக்கு 2000-லிருந்தும், ஆடு, பன்றி, கோழிக்கு 2015 ஏப்ரலிலிருந்தும் எங்கே வளர்த்தது, எங்கே அறுத்தது என்று லேபிளில் போட வேண்டும். அமெரிக்காவில் மாட்டுக்கும் பன்றிக்கும் இருந்த கட்டாயத்தைக் கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பு வரை இழுத்து வழக்காட, 2015 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் இன்னமும் உண்டு. இங்கே ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வெட்டித் தரும் கறி பொட்டலப் பொருளே இல்லை, அதற்கு லேபிளும் கிடையாது. அந்த ஆடு குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி சந்தையிலிருந்து வந்திருக்கும், அதனால் எந்த நாடு என்று கேட்பதைவிட ஆட்டுத்தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய கறியா என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

எனக்கு உறுத்துவது மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் துவரம்பருப்புதான். மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிறது, தர்மபுரி மளிகைக்கடையில் நிறுத்துத் தரும்போது அது எந்த ஊர்ப் பருப்பு என்று சொல்ல ஆளில்லை. அதையே பாக்கெட்டில் அடைத்தால் விதி பொருந்தும், இங்கே அடைத்த முகவரியை மட்டும் போட்டுவிட்டு நாட்டை மறைக்கக் கூடாது.

மறைத்திருந்தால் பில்லையும் லேபிளின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லலாம். உள்ளூரிலேயே முடிக்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர், அல்லது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்); எடையளவுச் சட்டம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கையில்தான் இருக்கிறது. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-வது பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.