ஓபியாய்டு: அபினியொத்த மருந்து

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிற கசகசாவும், வேலூர் மருத்துவமனைகளில் புற்றுநோய் வலிக்குத் தருகிற மார்பினும் ஒரே செடியின் காயிலிருந்து வருபவை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால் உறைந்து அபினியாகும். காய் முற்றிக் காய்ந்தபின் உள்ளே கிடக்கும் விதைதான் கசகசா. இந்தியச் சட்டம் காய்ந்த செடியின் மற்ற பாகங்களைக் கட்டுப்படுத்தினாலும் விதையை விலக்கி வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் விதைக்கும் தடை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து துபாய்க்குப் புறப்படுகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா வைக்க வேண்டாம்.

கிரேக்கத்தில் 'ஓபோஸ்' என்றால் செடியின் பால். அதிலிருந்து 'ஓபியோன்', லத்தீனில் 'ஓபியம்'. அரபியில் பகர ஒலி இல்லாததால் 'அஃப்யூன்' ஆயிற்று. தமிழுக்கு வந்தபோது ஃபகரம் நம்மிடம் இல்லை. பழைய பகரமே திரும்பி வந்து அபின், அபினி என்று நிலைத்தது.

'ஆய்டு' என்ற வால் 'எய்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. வடிவம், சாயல் என்று பொருள். ஓபியேட் என்பது செடியில் பிறந்தது: மார்பின், கோடீன். ஓபியாய்டு அதைவிட விரிந்தது. எங்கே பிறந்திருந்தாலும், உடலில் மார்பின் பற்றுகிற அதே ஏற்பியை, அதாவது செல்லில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தை, பிடித்து அதே வேலையைச் செய்தால் அது ஓபியாய்டு. 1960 வாக்கில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் உருவாக்கிய ஃபென்டனில் முழுக்க ஆய்வகப் பொருள்; மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். அதனால்தான் அதன் அளவை மைக்ரோகிராமில் எழுதுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'போதைப்பொருள்' பொருந்தாது, கஞ்சாவும் அதில் அடங்கிவிடும், கஞ்சா பற்றும் ஏற்பி வேறு. 'அபினிப்போலி' இலக்கணப்படி சரி, ஆனால் போலி மருந்து என்றதும் கலப்பட மாத்திரைதான் நினைவுக்கு வரும். 'அபினியொத்த மருந்து' என்பதே எங்கள் தேர்வு. சட்டத்தின் சிக்கலும் அந்த 'ஒத்த' என்பதில்தான் இருக்கிறது.

1961 ஐ.நா. போதைமருந்து உடன்படிக்கை மருந்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. மூலக்கூறில் ஒரு கிளையை மாற்றினால் பெயர் மாறும், பட்டியலுக்கு வெளியே போய்விடும்; ஆளைக் கொல்லும் வீரியம் மட்டும் அப்படியே இருக்கக்கூடும். இதை அடைக்கத்தான் சீனா 2019 மே மாதத்திலும், அமெரிக்கா 2025 ஜூலையில் நிரந்தரமாகவும் ஃபென்டனில் குடும்பம் முழுவதையும் கட்டுக்குள் கொண்டுவந்தன. நிட்டசீன்கள் என்ற ஆய்வக ஓபியாய்டுகள் வேறு குடும்பம். அந்த வலையில் அவை சிக்காது.

நமது 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரையறைகளில் ஓபியாய்டு என்று தனி வகுப்பே இல்லை. ஃபென்டனில் 'நார்கோட்டிக்' (போதைமருந்து) பக்கம், தண்டனைக்குப் பிரிவு 21. டிராமடால் என்ற வலிநிவாரண ஓபியாய்டு 2018 ஏப்ரல் முதல் 'சைக்கோட்ரோபிக்' (மனநிலையை மாற்றும் பொருள்) பட்டியலில், பிரிவு 22. ஆகவே காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு பை மாத்திரை பிடிபட்டால், உள்ளே இருப்பது எந்த மருந்து என்பதே முதல் கேள்வி. அடுத்தது எடை; தண்டனையின் அளவு அதைப் பொறுத்தது. டிராமடாலுக்குச் சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். கலவையின் மொத்த எடையே கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு மாத்திரை 350 மில்லிகிராம், அதில் டிராமடால் 100 என்று வையுங்கள். ஆயிரம் மாத்திரையில் மருந்து 100 கிராம்தான், ஆனால் கணக்கு 350 கிராம். வணிக அளவு; குறைந்தது 10 ஆண்டுச் சிறை, பிணையும் எளிதில் கிடைக்காது.

நோயாளியின் வலியும் சட்டத்தின் பொறுப்புதான். உரிமக் கெடுபிடியால் மார்பின் கிடைக்காமல் துடித்தவர்கள் ஏராளம். 2014 திருத்தம் 'இன்றியமையாத நார்கோட்டிக் மருந்து' என்ற வகையை உண்டாக்கியது. மார்பினும் ஃபென்டனிலும் அதில் உண்டு.

வீட்டில் ஃபென்டனில் ஒட்டுப்பட்டை வைத்திருப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் பட்டை அது. காய்ச்சல், வெந்நீர் ஒத்தடம், வேலூர் மே மாத வெயில் எதுவானாலும் தோல் சூடேறினால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிஞ்சியிருக்கும்; பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அகற்றுங்கள்.

அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகி நின்றுவிடும். மாற்று மருந்து நலாக்சோன். சட்டம் எந்தப் பிரிவில் வைத்திருந்தாலும் அதே ஏற்பியிலிருந்து அபினியொத்ததை அது விலக்கும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும். உடலில் மிஞ்சிய மருந்து மறுபடி மூச்சை அடக்கக்கூடும். கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகாமல் மருத்துவமனையிலேயே வைத்திருக்க வேண்டும்.