மாரத்தான், மரதன், நெட்டோட்டம்

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சோம்பு வைத்திருப்பார்கள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே வெளியே வருவோம். அந்தச் சோம்புக்கு, அதாவது பெருஞ்சீரகத்துக்கு, பழைய கிரேக்க மொழியில் 'மரதோன்' என்று பெயர். அந்தச் செடி மண்டிக் கிடந்த கடலோரச் சமவெளி ஒன்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் பக்கத்தில் ஆலங்குடி, பனையூர், வேப்பூர் என்று மரத்தின் பெயரால் ஊர்கள் இருப்பதுபோல ஏதென்சிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஒரு சோம்பூர். மாரத்தான் என்ற சொல்லின் வேர் இவ்வளவுதான். ஓட்டம் என்ற பொருள் அதற்குள் துளியும் இல்லை.

ஓட்டம் வந்து ஒட்டிக்கொண்டது போரால். கி.மு. 490இல் அந்த வெளியில் பாரசீகப் படையை ஏதென்ஸ் படை தோற்கடித்தது. வெற்றிச் செய்தியோடு ஒருவன் ஏதென்சுக்கு ஓடி வந்து, "மகிழுங்கள், வென்றோம்" என்று சொல்லிவிட்டு விழுந்து இறந்தான் என்பதுதான் நாம் பள்ளியில் கேட்ட கதை. ஆனால் போர் நடந்து சில பத்தாண்டுகளுக்குள் அதைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைச் சொல்லவே இல்லை. அவர் சொல்வது வேறு ஓட்டம். போருக்கு முன்னால் உதவி கேட்டு ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஃபெய்டிப்பிடீஸ் என்ற தூதன் ஓடினான். தொலைவு சுமார் 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தான். விழுந்து இறக்கும் காட்சியை இந்தப் பெயரோடு சேர்த்துச் சொன்னவர் லூசியன், போர் முடிந்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. இந்த இரண்டு ஓட்டங்களையும் ஒரே ஆளின் கதையாக்கி 1879இல் ராபர்ட் பிரௌனிங் எழுதிய ஆங்கிலக் கவிதைதான் இன்றைய கதைக்குப் பரவலான உருவம் தந்தது.

ஹெரோடோட்டஸ் அந்தத் தூதனின் தொழிலுக்கு ஒரு சொல் சொல்கிறார்: 'ஹெமெரோத்ரோமோஸ்'. ஹெமேரா என்றால் நாள். த்ரோமோஸ் என்றால் ஓட்டம். நாள் முழுக்க ஓடுகிறவன், நாளோடி. இந்த 'ஓடி'யைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயரைப் பந்தயத்தின் பெயராக மாற்றியவர் மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சு மொழியறிஞர். சொற்பொருளியலுக்கு மேலை மொழிகளில் இன்று வழங்கும் 'செமாண்டிக்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சொற்கள் எப்படிப் பொருள் மாறுகின்றன என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த மனிதர் ஒரு சோம்பு வயலின் பெயருக்குத் தாமே புதுப்பொருள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சொல்லாராய்ச்சியில் ஆசை உள்ள எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி கிடையாது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தை வைக்கச் சொல்லி, வெல்பவருக்கு வெள்ளிக் கோப்பை தருவதாகவும் சொன்னார். வென்றவர் மரூசி என்ற ஊரைச் சேர்ந்த, தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடோன் லூயிஸ். 2 மணி 58 நிமிடம் 50 விநாடி.

அன்று தொலைவு சுமார் 40 கிலோமீட்டர்தான். 42.195 என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மேடைக்கு எதிரே முடியும்படி வகுத்ததில் அத்தனை தொலைவு ஆயிற்று. 1921இல் அதுவே நிலையான அளவாகியது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு உருவம். தமிழ்நாட்டில் மாரத்தான். இலங்கையில் மரதன், பள்ளி விளையாட்டுப் போட்டிகளில்கூட 'மரதன் ஓட்டம்' என்றே சொல்வார்கள். மரதன்தான் கிரேக்க ஒலிக்கு நெருக்கம், அதோடு முருகன், மாதவன் போல ஆண்பெயர் ஈறும் எடுத்துக்கொண்டு தமிழாகவே நிற்கிறது. நம் மாரத்தான் ஆங்கில வழியாக வந்தது. ஆனாலும் அது தமிழ்க் காதில் உறுத்தாமல் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ஓடத்தான் வேண்டும், பார்க்கத்தான் போகிறேன் என்று நாள்தோறும் நூறு தடவை சொல்கிற '-த்தான்' அதன் வாலில் இருக்கிறது.

அந்த வாலைத்தான் பிறகு வெட்டி எடுத்து வேறு சொற்களில் ஒட்டினார்கள். வாக்கத்தான், ஹேக்கத்தான் எல்லாம் அப்படி வந்தவை. கிரேக்கத்தில் அந்த வால் தனியாக எந்தப் பொருளும் தராது. சோம்பைப் பாதியாக வெட்டிய கதைதான். சொல் பரவியதும் பொருளும் தளர்ந்துவிட்டது. மாரத்தான் விசாரணை, மாரத்தான் பேச்சுவார்த்தை என்று செய்தித்தாளில் படிக்கிறோம். விடிய விடிய நடந்த பேச்சு என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 'மினி மாரத்தான், 5 கிலோமீட்டர்' என்ற பேனரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். ஐந்து கிலோமீட்டர் ஓடுவது நல்ல காரியம், ஆனால் அது மாரத்தான் இல்லை. அரை மாரத்தானுக்குக்கூட 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓட வேண்டும்.

இந்தச் சொல்லைத் தேடிப் போக எனக்கு ஒரு வேலை காரணம். சிறிய திரையிடல்களுக்காக அவ்வப்போது தமிழில் சப்டைட்டில் எழுதுவேன். ஓட்டக்காரர்களைப் பற்றிய படங்கள் வந்தால் மனம் குதிக்கும், கை தடுமாறும். 'நெடுந்தொலைவு ஓட்டப்பந்தய வீராங்கனை' என்று எழுதி முடிப்பதற்குள் அந்தப் பெண் திரையை விட்டு ஓடிவிடுகிறாள்.

முதலில் மாட்டிக்கொண்டது 2005இல் வந்த கொரியப் படம் ஒன்றில். ஆட்டிசம் உள்ள சோவொன் என்ற இளைஞன் ஓடுகிறான், அவன் அம்மா அவனை ஓட வைக்கிறாள். உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து எடுத்த படம். அதன் தலைப்பு மாரத்தான்தான், ஆனால் பிழையாக எழுதப்பட்ட மாரத்தான். அவன் நாட்குறிப்பில் எழுதியபடியே தலைப்பில் வைத்திருக்கிறார்கள். கொரிய எழுத்தில் சரியாக எழுதினால் மா-ரா-டோன். அவன் எழுதுவது மல்-ஆ-டோன். வாசித்தால் இரண்டும் ஒரே ஒலி. முன்னால் இருக்கும் மெய், அடுத்து வரும் உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூல் சொல்கிற அதே புணர்ச்சி! காதில் கேட்டதை அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான், வெட்டிய இடம்தான் மாறிப்போயிற்று. இந்தப் பிழையை எப்படித் தமிழில் கொண்டுவருவது என்று நாள்கணக்கில் யோசித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் இந்த வகை ஓட்டத்துக்கு நெடுந்தூர ஓட்டம், தொலைதூர ஓட்டம், நெடுந்தொலைவு ஓட்டம் என்ற மூன்றும் வழங்குகின்றன. தூரம் வடசொல், தொலைவு தமிழ்ச்சொல். தொலைவுக்கு அகராதியில் தோல்வி, அழிவு என்ற பொருளும் உண்டு. 'தொலைந்து போ' என்பதிலும் 'தொலைபேசி' என்பதிலும் இருப்பது ஒரே வேர்தான். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டிய ஓட்டக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் ஏன் இரண்டு பொருளையும் சுமக்கிறது என்று விளங்கும். பொருளில் மூன்றும் சரி, நீளம்தான் இடைஞ்சல்.

நெடுமை + இலை நெட்டிலை ஆகும். நெடுமை + எழுத்து நெட்டெழுத்து. அதே விதியில் நெடுமை + ஓட்டம் நெட்டோட்டம். மூன்றே அசை. இலக்கணம் இடறவில்லை, வாயிலும் சரளமாக வருகிறது. குறுகிய ஓட்டம் வந்தால் குற்றோட்டம் என்று அதற்கு இணையும் கிடைக்கிறது. மாரத்தான் என்பதை 42.195 கிலோமீட்டருக்கு உரிய தனிப்பெயராக வைத்துக்கொள்வோம். 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான், அதற்கும் மேலே என்று எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் நெட்டோட்டம். புதியா சிங் என்ற ஒடிசாச் சிறுவன் 2006இல் நாலு வயதில் பூரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டர் ஓடியதைப் பற்றி 2016இல் இந்திப் படம் வந்ததே, அது மாரத்தான் படம் அல்ல, நெட்டோட்டப் படம். அந்த வயதுக் குழந்தை அத்தனை தொலைவு ஓடியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். சொல் எதுவானாலும் அது மாறாது.

'ஓட்டம்' என்ற சொல் சினிமாவுக்கும் சொந்தம் என்பதைத் தமிழரிடம் சொல்லவே வேண்டாம். படம் நூறு நாள் ஓடியது, படம் ஓடவில்லை, உள்ளே படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டக்காரரைப் பற்றிய படத்தில் இரண்டு ஓட்டம் ஒன்றன் மேல் ஒன்று போகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை கோன் இச்சிகாவா எடுத்த ஆவணப்படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் எத்தியோப்பியாவின் அபெபெ பிக்கிலா ஓடும் பகுதியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 1960 ரோமில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். டோக்கியோவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கேமரா அவர் முகத்தை நெருக்கத்தில் பிடித்துக்கொள்கிறது. மெதுவாக, மிக மெதுவாகத் தாடை அசைகிறது, வியர்வை துளித்துளியாக உதிர்கிறது, கண் எங்கோ ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. அந்த மெதுவான அசைவைக் காட்ட, கேமராவுக்குள் படச்சுருளை வழக்கத்தைவிட வேகமாக ஓட விட வேண்டும். சுருள் வேகமாக ஓடினால்தான் திரையில் மனிதர் மெதுவாக ஓடுவார். 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்து, அதுவரை யாரும் ஓடாத வேகம் அது, புல்வெளிக்குப் போய் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார்.

இனி ஓடுகிறவருக்கு என்ன பெயர்? வீரர் என்கிறோம். வீரம் போர்க்களச் சொல். மாரத்தான் கதை போரில் தொடங்கியதால் பொருந்தும் என்று சொல்லலாம், ஆனால் அந்தத் தூதன் கையில் வாள் இல்லை, செய்திதான் இருந்தது. தமிழில் நாடோடி இருக்கிறது, முன்னோடி, கடலோடி இருக்கிறது, இலங்கைத் தமிழில் வானோடி இருக்கிறது. கிரேக்கரின் நாளோடியும் இந்தக் குடும்பம்தான். அந்த வரிசையில் நெட்டோடி என்று எழுதினேன். ஹைலி கெப்ரசெலாசியைப் பற்றி 1999இல் திரைக்கு வந்த படத்தில் அவரே அவராக நடித்தார். 1996 அட்லாண்டாவில் 10,000 மீட்டர் தங்கம் வென்றவர். சிறுவயதில் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு பள்ளிக்குத் தினமும் 10 கிலோமீட்டர் ஓடிய பழக்கத்தில், பெரியவரான பிறகும் இடது கை புத்தகம் பிடித்தாற்போல் மடங்கியே இருக்கும். அந்தக் கைக்குக் கீழே, திரையின் அடியில், 'நெட்டோடி' என்ற ஒற்றைச் சொல் அளவாக இருக்கும்.

இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருக்க இன்னொரு காரணம் 2013இல் வந்த 'எதிர்நீச்சல்'. பெயரில் நீச்சல், கதையில் மாரத்தான். நாயகனுக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர். ஊரே கேலி செய்கிறது, அவன் வெட்கப்பட்டு ஹரிஷ் என்று மாற்றிக்கொள்கிறான். குஞ்சிதம் என்றால் வளைந்தது. குஞ்சிதபாதம் தில்லைக் கூத்தனின் வளைத்துத் தூக்கிய திருவடி. நிலத்தை விட்டுத் தூக்கிய பாதம்! ஓடப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த அகராதியில் கிடைக்கும்? அந்தப் படத்தில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் வள்ளி, பாலினச் சோதனையைக் காரணம் காட்டி விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவள். பார்க்கிற எவருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருவார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் அவர் வென்ற வெள்ளி, அப்படி ஒரு சோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. வீரன், வீரர், வீராங்கனை என்று பால் பார்த்துத்தான் நம் சொற்கள் பரிசு கொடுக்கின்றன. நாடோடி, முன்னோடி, கடலோடி எவையும் பால் கேட்பதில்லை. நெட்டோடியும் கேட்காது. ஓடினாயா என்று மட்டும் கேட்கும்.

கொரியப் பையனின் நாட்குறிப்புக்கு வருகிறேன். ஒலி கெடக் கூடாது, எழுத்து தவற வேண்டும். முதலில் 'மார் அத்தான்' என்று பிரித்துப் பார்த்தேன், முறைப்பெயர் புகுந்து காட்சியே கெட்டது. 'மாரதான்' என்றால் வெறும் அச்சுப்பிழைபோல் தெரிந்தது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சிலேட்டில் மரத்தை 'மறம்' என்று எழுதிக்கொண்டிருந்தது. பேச்சில் ரகரமும் றகரமும் நம்மில் பலருக்கு ஒன்றுதான், சொல்வதெழுதுதல் என்றாலே குழந்தைகள் சறுக்கும் இடம் அது. அந்தப் படத்தில் கடைசிவரை ஓடுவது மகன். தன் ஆசைக்காகத்தான் அவனை ஓட விட்டேனா என்று கேட்டுக்கொண்டு, அவன் கையை விடப் பழகுவது அம்மா. திரையில் அந்த நாட்குறிப்புப் பக்கம் வரும்போது கீழே நான் எழுதியிருப்பது:

மாறத்தான்.