போட்டோ வந்தது, பணம் வரவில்லை

போன வாரம் காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கானாடுகாத்தான் பக்கம். கூட நாலு பெண்களை வைத்துக்கொண்டு சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் போட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறவர். ஏழு மாதப் பாக்கி, மூன்று லட்சத்துச் சொச்சம். எண்ணெய்க்கும் அரிசிக்கும் நகை அடகில் இருக்கிறது. மஞ்சப்பையிலிருந்து துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு போட்டோ. மகளிர் தினத்தில் அந்த நிறுவனத்தார் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. லேமினேட் வேறு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் இது ஆறாவது கேஸ்.

அரசும் தனியாரும் கைகோத்துப் பெண்களைத் தொழிலில் உயர்த்தப்போவதாக மேடைதோறும் பேச்சு. அரசிடம் குறை இருந்தாலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2020இல் வந்த உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்று கொடுத்தார்கள். தனியாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். தின்ற சீடைக்குக் காசு கொடுங்கள்.

இது தர்மம் கேட்பது இல்லை, சட்டம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. வருமான வரியிலும் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, கெடு தாண்டிய பாக்கியை, கொடுக்கிற வருஷத்தில்தான் சரக்கு வாங்கிய நிறுவனம் செலவாகக் காட்ட முடியும். (மார்ச் கடைசியில் "உங்ககிட்ட உத்யம் இருக்கா?", அதாவது குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிந்திருக்கிறதா என்று திடீரென்று போன் வருவது இதனால்தான். இல்லை என்று சொன்னால் அந்தப் பக்கம் ஒரே நிம்மதி.)

ஆனால் இதையெல்லாம் கேட்க உத்யம் பதிவு வேண்டும். இங்கேதான் எனக்குத் தலைவலி. "பதிஞ்சா வரி வரும், மாசம் ஆயிரம் ரூபாயும் நின்னுரும்னு சொல்றாகளே!" யார் சொல்கிறார்கள்? பக்கத்து வீடு, இ-சேவைக் கடை, சில சமயம் வாங்குகிற நிறுவனமே.

பொறுமையாகச் சொல்கிறேன். உத்யம் வேறு, ஜிஎஸ்டி வேறு. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு. (பலகாரத்தைப் பெங்களூருக்கு அனுப்பினால் கதை மாறும், அப்போது என்னிடம் வாருங்கள்.) வருமான வரி உங்கள் வருமானத்தைப் பார்த்து வருவது. பதிந்தாலும் பதியாவிட்டாலும் அது அதேதான். மகளிர் உரிமைத் தொகைக்கு வருவோம். 2023இல் வெளியிட்ட விதிகளில் குடும்ப வருமானம் இரண்டரை லட்சம், வருமான வரி, 50 லட்சத்துக்கு மேல் விற்று ஜிஎஸ்டி கட்டுவது என்றெல்லாம் தடைகள் இருந்தன. உத்யம் எடுத்தவர்களுக்குக் கிடையாது என்று ஒரு வரி கூட இல்லை. அந்த விதிகளை நான் முழுக்கப் படித்தவள். பக்கத்து வீட்டுக்காரர் படித்தாரா?

பதிவுக்குக் கட்டணமும் இல்லை. ஆதார், பான் போதும். இரண்டாயிரம் கேட்கிற வெப்சைட் அரசுடையது இல்லை. சரக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே பதியுங்கள். உங்கள் ஆதாரில் பதியுங்கள், வீட்டுக்காரர் ஆதாரில் இல்லை. மத்திய அரசு நிறுவனங்கள் 3 சதவீதக் கொள்முதலைப் பெண்கள் நடத்தும் தொழில்களிடம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. உரிமையாளர் இடத்தில் அவர் பெயர் இருந்தால் அந்தக் கணக்கில் நீங்கள் வர மாட்டீர்கள். பில் புத்தகம் போடுங்கள், அதில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு என்னிடம் அழாதீர்கள், தாயி. எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கே பதிந்து கொடுத்தேன், காபி ஆறுவதற்குள் முடிந்தது. பழைய பாக்கிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நேற்று போன் செய்தார். அதே நிறுவனம் தீபாவளிக்கு எழுபது கிலோ கேட்கிறதாம். பாதி முன்பணம் கைக்கு வராமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்றேன். "சரிக்கா" என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.